கறுப்புநீர் தொட்டியில் அகாசிசி

அபிஸ்டோகிராமா அகாசிசி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் மீன் தேடுவதற்கு முன்னால் தண்ணீரைச் சரிசெய்துவிடுங்கள். அமேசான் படுகையில் கரையோரம் குவிந்து கிடக்கும் சருகுதான் சிச்லிட் குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் குட்டி மீனின் வீடு. ரியோ நீக்ரோ ஆறு மாதிரியான, இலைச்சாறு இறங்கிக் கறுத்த கறுப்புநீரில் சுண்ணாம்பு அநேகமாக இல்லை. மட்கும் இலைகளின் அமிலத்தால் பிஎச் 4, 5 வரை இறங்கிக் கிடக்கும்.

எங்கள் சென்னை வீட்டு போர் தண்ணீர் இதற்கு நேரெதிர். அதில் எவ்வளவு வாதாம் இலை போட்டாலும் டிகாஷன் நிறம் வருமே தவிர, பிஎச் அசையாது. கேஎச், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் உப்பு, அத்தனை அமிலத்தையும் விழுங்கிவிடும். அதனால் முழுக்க ஆர்.ஓ. தண்ணீர்தான். தொட்டியின் அடியில் போடும் மணலில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பார்த்தேன். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அந்த மணல் வேண்டாம். இலையும் மரத்திலேயே பழுத்துக் காய்ந்து உதிர்ந்ததாக இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. பிஎச் குறைந்த தொட்டியில் கழிவை மாற்றும் பாக்டீரியா மந்தமாகத்தான் வேலை செய்யும். அம்மோனியா அவ்வளவாக விஷமில்லாத அம்மோனியமாகத் தங்கியிருக்கும். அந்த நேரத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் பிஎச் ஏறி, அதுவே விஷமாகிவிடும். மீன் குறைவாக வையுங்கள். அதே ஆர்.ஓ. தண்ணீரையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

பெண் மீன் கவிழ்த்த கொட்டாங்கச்சியின் உள்கூரையில் முட்டை ஒட்டியது. சாம்பல் நிறமாக இருந்தவள் எலுமிச்சை மஞ்சளாகி, உடம்பில் கறுப்புத் திட்டு ஏறி, தன்னைவிடப் பெரிய ஆணை மூலைக்கே விரட்டிவிட்டாள். குஞ்சுகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்தபோது நான் கையை அசைத்தேன். அவள் உடம்பைச் சட்டென்று ஒரு உதறு உதறினாள், அவ்வளவுதான், குஞ்சுகள் மொத்தமும் இலையோடு இலையாகப் படுத்துவிட்டன! முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்டீமியா என்ற குட்டி இறால் வகையைக் கொடுத்தேன். மற்ற நேரமெல்லாம் சருகின் மேல் படியும் வழுவழுப்பைக் கொத்திக்கொண்டே இருந்தன.

அப்புறம், வெயில் காலம். அபிஸ்டோ குஞ்சு ஆணா பெண்ணா என்பதில் தண்ணீரின் சூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் இருவரும் 1996-இல் எழுதிய ஆய்வு காட்டுகிறது. சூடு ஏறினால் ஆண்கள் கூடிவிடும். கோடையில் தொட்டியின் மேல் சின்ன ஃபேன் வைத்து 26, 27 டிகிரியில் நிறுத்துகிறேன். தண்ணீர் சீக்கிரம் வற்றும். வற்றும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், குறைவதை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டுமே ஈடுசெய்யுங்கள்.