கலைச்சொல்: ‘நுண்துளை அறுவை’ வேண்டாம், ‘அகநோக்கி’ போதும் – முதுகெலும்பு அறுவைச் சொற்கள் குறித்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எண்டோஸ்கோப் (உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் குழல் போன்ற கருவி; இதையே அகநோக்கி என்கிறேன்) கொண்டு முதுகெலும்பில் செய்யும் அறுவைக்கு ‘நுண்துளை முதுகெலும்பு அறுவை’ என்ற சொல் நம் கலைச்சொல் குழுவில் முன்மொழியப்பட்டுள்ளது. வயிற்றில் செய்யும் லேப்ராஸ்கோப்பியை நாளிதழ்களும் மருத்துவமனைகளும் நுண்துளை அறுவை என்றே எழுதிப் பழக்கிவிட்டன. ஆகவே மக்களுக்கு உடனே புரியும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் முதுகெலும்பைப் பொறுத்தவரை அந்தச் சொல் குழப்பத்தையே தரும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

முதுகெலும்பில் இயற்கையாகவே துளைகள் இருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே, பக்கவாட்டில், நரம்பு வேர் வெளியேறுவதற்கென்றே அமைந்தது நரம்புத்துளை. அகநோக்கி பல வேளைகளில் இந்தத் துளையின் வழியாகத்தான் வட்டை, அதாவது முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல அமைந்த டிஸ்கை, அடைகிறது. துளை குறுகியிருந்தால் அதன் விளிம்பு எலும்பைச் செதுக்கி அகலப்படுத்துவதும் உண்டு. ஒப்புதல் படிவத்தில் ‘நுண்துளை வழியே நரம்புத்துளையை அடைந்து, துளையை விரிவாக்கி’ என்று எழுதிப் பாருங்கள். விரிவாக்கப்படுவது தோலில் இட்ட துளையா, எலும்பில் உள்ள துளையா என்று கையெழுத்திடும் நோயாளிக்கு எப்படி விளங்கும்?

இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. ‘மினிமலி இன்வேசிவ்’ (திசுக்களுக்குச் சேதத்தை இயன்றவரை குறைத்துச் செய்வது) என்பதும் ‘எண்டோஸ்கோப்பிக்’ (அகநோக்கி கொண்டு செய்வது) என்பதும் ஒன்றல்ல. நுண்துளை என்ற சொல் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. பிதுங்கிய வட்டே காலுக்கு இறங்கும் வலிக்குக் காரணம் என்பதை மிக்ஸ்டர் (Mixter), பார் (Barr) என்ற அறுவை மருத்துவர்கள் 1934இல் எழுதியபோது, அதை அகற்ற முதுகைத் திறந்து, தசைகளை எலும்பிலிருந்து உரித்து விலக்கி, எலும்பின் பின்பகுதியையும் வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. 1977இல் யாசர்கிலும் காஸ்பாரும் தனித்தனியே நுண்ணோக்கி கொண்டு செய்த வட்டு அறுவையை வெளியிட்ட பிறகு கீறல் சுருங்கியது. 1997இல் ஃபோலியும் ஸ்மித்தும் தசையை உரிக்காமல், அதன் நார்களைப் படிப்படியாக விலக்கிக் குழலொன்றைச் செருகி, அதற்குள் வேலை செய்யும் முறையைக் கொண்டுவந்தனர். அந்தக் குழலின் வழியே நுண்ணோக்கியால் பார்த்துச் செய்யும் அறுவை இன்றும் பரவலாக நடக்கிறது. அதில் அகநோக்கிக்கு வேலையே இல்லை. ஆனாலும் அது திசுக்களுக்குக் குறைந்த சேதம் விளைவிக்கும் அறுவைதான். ஆகவே ஒன்று நோக்கத்தின் பெயர், மற்றொன்று கருவியின் பெயர்.

நோக்கத்தைக் குறிக்க இப்போது ‘குறைந்தபட்ச ஊடுருவல்’ என்று எழுதி வருகிறோம். ஊடுருவல் என்றதும் எல்லைப்புறச் செய்தி நினைவுக்கு வருவது ஒருபுறம் இருக்க, மருத்துவத்திலேயே புற்றுநோய் அண்டைத் திசுக்களில் பரவுவதையும் அதே சொல்லால் குறிக்கிறோம். ‘உறுப்புக்காப்பு அறுவை’ என்று நாம் ஏற்கெனவே வழங்குவதைப் போல, இதற்குத் ‘திசுக்காப்பு அறுவை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். கீறலின் நீளத்தைவிட, போகிற வழியில் எந்தத் தசையையும் எலும்பையும் காப்பாற்றினோம் என்பதே இந்த முறைகளின் உயிர். அதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

கருவிக்கு ‘உள்நோக்கி’, ‘அகநோக்கி’ ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. ‘கருவி உள்நோக்கிச் செலுத்தப்பட்டது’ என்ற தொடரில் அது பெயரா, திசையைச் சொல்லும் வினையெச்சமா என்று தடுமாற நேர்வதால் அகநோக்கியே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

முழுப் பெயரை எப்படிக் கட்டுவது என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்திலேயே ஒரே அறுவைக்குப் பல பெயர்கள் வழங்கிக் குழப்பியதால், ஏஓ ஸ்பைன் (AO Spine) என்ற பன்னாட்டு முதுகெலும்பு அறுவை மருத்துவர் அமைப்பைச் சேர்ந்த வல்லுநர்கள் 2020இல் ஓர் ஒருமித்த பெயரிடல் முறையை வெளியிட்டனர். அணுகும் வழி, பார்க்கும் கருவி, முதுகெலும்பின் பகுதி, செய்யும் செயல் என்ற நான்கும் பெயரில் இடம்பெற வேண்டும் என்பதே அதன் சாரம். தமிழின் தொகைச்சொல் அமைப்புக்கு இந்த வரிசை இயல்பாகவே பொருந்துகிறது: ‘நரம்புத்துளைவழி அகநோக்கி இடுப்பு வட்டுப்பிதுக்க அகற்றல்’. நீளமான பெயர்தான், ஆனால் இதில் வீணான சொல் ஒன்றுமில்லை.

கடைசிப் பகுதியில் ‘வட்டு அகற்றல்’ என்று சுருக்காமல் பிதுக்கத்தைச் சேர்த்தது வேண்டுமென்றேதான். இந்த அறுவையில் முழு வட்டையும் எடுப்பதில்லை. பிதுங்கி நரம்பை அழுத்தும் துண்டையும், தளர்ந்து கிடப்பதையும் மட்டுமே எடுக்கிறார்கள். ‘வட்டு அகற்றல்’ என்று படித்த நோயாளி, எலும்புக்கு இடையே இனி என்ன தாங்கும் என்று அஞ்சுவது இயற்கை. ‘டிஸ்க் பிதுங்கியிருக்கிறது’ என்றுதான் நம் மக்களே சொல்கிறார்கள். அந்தச் சொல்லை நாம் ஏன் கைவிட வேண்டும்?

வட்டை அடையும் இன்னொரு வழியான ‘இண்டர்லாமினர்’ (முள்ளெலும்புகளின் பின்புறம் தட்டையாக அமைந்த ‘லாமினா’ பகுதிகளுக்கு இடையே செல்வது) என்பதற்குத் ‘தகடிடை வழி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எலும்பு முறிவுக்கு வைக்கும் உலோகத்தையும் தகடு என்றே அழைப்பதால், இது நோயாளியைத் தவறான பக்கம் இழுத்துச் செல்லும். இந்த வழி முதுகின் பின்புறத்தில், மேல் முள்ளெலும்புக்கும் கீழ் முள்ளெலும்புக்கும் நடுவேயுள்ள இடுக்கின் வழியாகச் செல்கிறது. எனவே ‘பின்னிடுக்கு வழி’ என்கிறேன். ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புக்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் (சேக்ரம்) இடையே இந்த இடுக்கு அகலமாக இருக்கும். அதே மட்டத்தில் பக்கவாட்டு வழியை இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மறித்துக்கொள்வதும் உண்டு. அந்த மட்டத்தில் அறுவை மருத்துவர்கள் பலர் பின்னிடுக்கையே நாடுவதற்கு இதுவே காரணம்.

காம்பின் (Kambin) என்ற மருத்துவரின் பெயரால் வழங்கும் ‘காம்பின் முக்கோணம்’ என்பதைப் பெயர் மாற்றாமல் விட்டுவிடலாம். வெளியேறும் நரம்பு வேர் கர்ணமாகவும், கீழ் முள்ளெலும்பின் மேல்விளிம்பு அடியாகவும் அமையும் அந்தச் சிறு பரப்பே கருவி நுழையத்தக்க பாதுகாப்பான இடம். அதைத் தாண்டிச் சற்றே மேலே போனால் நரம்பு உரசிக் காலில் எரிச்சல் தங்கிவிடக்கூடும். நோயாளியை முழுமயக்கத்தில் ஆழ்த்தாமல், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி மட்டும் போட்டு விழித்திருக்கச் செய்து இதைச் செய்வோர் இருப்பதும் இதனால்தான்; நரம்பு தொடப்பட்டால் நோயாளியே சொல்லிவிடுவார்.

ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் கீறலில் ஒரே குழாய்க்குள் வில்லை, விளக்கு, உப்புநீர், கருவி அனைத்தும் செல்வதை ‘ஒருவாயில்’ என்றும், ஒரு கீறலில் அகநோக்கியும் மற்றொன்றில் கருவியும் செல்லும் முறையை ‘இருவாயில்’ என்றும் வழங்கலாம். பின்னது கொரிய மருத்துவர்களால் பெரிதும் வளர்க்கப்பட்டது.

பெயரோடு ‘அதிநவீன’, ‘வலியற்ற’ போன்ற அடைகளைச் சேர்க்க வேண்டாம் என்று அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன். லேசர் சிகிச்சை என்று சொல்லிக்கொள்வதும் இந்த வகையே. நெதர்லாந்தில் 613 நோயாளிகளிடம் நடந்து 2022இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வு, ஓராண்டு முடிவில் கால்வலியைத் தணிப்பதில் நரம்புத்துளைவழி அகநோக்கி அறுவை, நுண்ணோக்கி கொண்டு செய்யும் திறந்த அறுவைக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. அகநோக்கிக் குழுவுக்குச் சாதகமாகத் தெரிந்த வேறுபாடு சிறியதே. பெயரைப் படிப்பவர் அதற்கு மேல் எதையும் எதிர்பார்த்துவிடக் கூடாது.

‘பின்னிடுக்கு’ கழுத்துப் பகுதிக்கும் பொருந்துமா என்பதில் கழுத்து அறுவையில் பழக்கமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். அங்கே பின்புறமாகச் சென்று நரம்புத்துளையை அகலப்படுத்துவதே வழக்கமான அகநோக்கி அறுவை. அதற்கு ‘பின்வழி அகநோக்கிக் கழுத்து நரம்புத்துளை விரிவாக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.