கேஷுவாலிட்டி நர்ஸுக்கு ட்ராமா வகுப்பு: ஒரு நாளில் என்ன மாறிடும்?

இரவுப்பணி:
தனியார் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டில ஒன்பது வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். ஊர், பேர் வேண்டாம். போன வாரம் எங்களுக்கு 'ட்ராமா இன்ஃபார்ம்டு கேர்'னு ஒருநாள் வகுப்பு. எலும்பு முறிவு, தலைக்காயம் பத்தின்னு நெனச்சுப் போனேன்; மனசுல பட்ட காயத்தைப் புரிஞ்சு நோயாளியை நடத்துறதைப் பத்தியாம். சீனியர் அக்கா "நாடகம்தானே"ன்னாங்க. கடைசில அவங்க சொன்னதுதான் சரி. நைட் டூட்டி முடிச்சவங்களை அப்படியே காலைல எட்டு மணிக்கு ஹாலில் உட்கார வச்சாங்க. 'உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள்'னு ஸ்லைடு ஓடுறப்ப முன்வரிசைப் பொண்ணு தூங்கி விழுந்து நெத்தியை இடிச்சுக்கிட்டா. சாயங்காலம் சமோசா, சர்டிபிகேட். ராத்திரி மறுபடி டூட்டி. இதுல யாருக்கு என்ன லாபம்?

வகுப்பெடுப்பவள்:
நானும் இந்த வகுப்பு எடுக்கிறவள்தான், உங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. நைட் முடித்தவர்களை உட்கார வைத்தது தப்பு, அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் சரக்கே வீண் என்றால் ஒப்புக்கொள்ள முடியாது. விஷம் குடித்து வந்த பெண்ணிடம், சொந்தக்காரர் எட்டுப் பேர் சுற்றி நிற்க, "ஏம்மா குடிச்ச, வீட்ல சண்டையா?" என்று சத்தமாகக் கேட்கிறோமா இல்லையா? திரையை இழுத்துவிட்டு, "மூக்கு வழியா ட்யூப் போடப்போறேன், தாங்க முடியலன்னா கையைத் தூக்கு" என்று சொல்லிவிட்டுப் போட்டால் அரை நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான். அமெரிக்க அரசின் மனநல அமைப்பான சாம்சா 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி இதைத்தான் கேட்கிறது: பட்ட புண்ணை நாமே மறுபடி கிளறாமல் இருப்பது. அதில் நோயாளி, குடும்பம் என்பதோடு ஊழியர்களையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

அரைத்தூக்க டாக்டர்:
ஊழியர்களையும் சேர்த்து என்று நீங்கள் சொல்லும் இடத்தில்தான் எனக்கு பயம். ஒரு மோசமான கேஸ் முடிந்ததும் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து "என்ன தோணுச்சு, சொல்லுங்க" என்பார்கள். 1983-இல் ஜெஃப்ரி மிட்செல் அவசரப்பணி ஆட்களுக்காக முன்வைத்த முறை அது. எண்ணம் நல்லதுதான். ஆனால் ஒரே அமர்வில் இப்படிப் பேசவைப்பது பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனப் பாதிப்பு) வராமல் தடுப்பதற்கு ஆதாரம் இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. 2013-இல் உலக சுகாதார நிறுவனமும் அதைச் செய்யாதீர்கள் என்றே எழுதிவிட்டது. நம் ஊரில் அதையே புதுப் பெயரில் விற்கிறார்கள்.

வகுப்பெடுப்பவள்:
டாக்டர், அந்த வட்டத்தை நானும் போடுவதில்லை. அதே நிறுவனம் 2011-இல் தந்த உளவியல் முதலுதவிக் கையேட்டைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். பக்கத்தில் இரு, தண்ணீர் வேண்டுமா என்று கேள், பேசினால் காது கொடு, பேசாவிட்டால் தோண்டாதே. இதில் எது ஆபத்து?

ரிட்டயர்டு அண்ணாச்சி:
36 வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரில ஆண் நர்ஸ். 2004 சுனாமிக்கு நாகப்பட்டினம் டூட்டி போட்டாங்க, போனோம். எவனும் வந்து வகுப்பு எடுக்கல. ராத்திரி கேட் வாசல் டீக்கடைல நாலு பேரு நிப்போம், ஒருத்தன் அழுவான், ஒருத்தன் திட்டுவான், கிளாஸைக் கழுவி வச்சிட்டு உள்ள போயிருவோம். பேசிப் பேசித்தான் இப்பல்லாம் பெருசாக்குறீங்க.

இரவுப்பணி:
அண்ணாச்சி, அந்த டீக்கடையைத்தான் நான் கேக்குறேன்! இப்ப டூட்டி நடுவுல வெளிய போனா பயோமெட்ரிக், கேமரா.

சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். ரெண்டு மாசம் முன்னாடி ரோட்டு விபத்துல ஆறு வயசுப் பொண்ணு. நாப்பது நிமிஷம் நெஞ்சை அழுத்தினோம். உயிர் போன டைமைச் சொல்லிட்டு டாக்டர் அடுத்த கேஸுக்குப் போயிட்டார். கொலுசைக் கழட்டினது நான். ஒரு திருகு இறுகிப்போச்சு, ஜெல் போட்டுத் திருப்பினேன். 'கொலுசு 1 ஜோடி'ன்னு லிஸ்ட்ல எழுதி அவங்கம்மாகிட்ட கையெழுத்து வாங்கினேன். பேனா எழுதல, என் பேனாவைக் கொடுத்தேன். திரும்பினா அஞ்சாவது பெட்காரர், "சிஸ்டர், டிரிப் முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு?" அவர் கேட்டதும் நியாயம்தான். அந்த நேரத்துல என் பெட்டைப் பத்து நிமிஷம் யாராச்சும் பாத்துக்கிட்டிருந்தா போதும். எந்த ஸ்லைடுலயும் அந்தப் பத்து நிமிஷம் இல்ல.

அட்மின்_ஆள்:
வேறொரு ஆஸ்பத்திரியில் நிர்வாகம் பார்க்கிறேன். என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை. ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ் கூடுதல் என்றால் விடுப்பு, ஆஃப் எல்லாம் சேர்த்து நாலைந்து பேர் எடுக்க வேண்டும். எடுத்தாலும் வளைகுடாவுக்கு விசா வந்ததும் பறந்துவிடுகிறார்கள். வகுப்புக்கு ஒருநாள் செலவு, ஆடிட்டுக்கு ரெஜிஸ்டரில் கையெழுத்து. உள்ளதைச் சொல்கிறேன். மனசு சரியில்லை என்றால் அரசின் மனநல ஹெல்ப்லைன் டெலிமானஸ் 14416 இருக்கிறது, காசு கிடையாது.

அரைத்தூக்க டாக்டர்:
14416 நல்ல விஷயம்தான், நானே பேஷண்டுகளுக்கு எழுதிக்கொடுக்கிறேன். ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு ஹெல்ப்லைன் பதில் இல்லையே சார். நைட்டில் முப்பது பெட்டுக்கு ரெண்டு பேரைப் போட்டுவிட்டு, அழுதால் போன் பண்ணு என்பதா?

மூணாம்_வார்டு:
எங்க ஐசியூவில் நடந்ததைச் சொல்றேன். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி நர்ஸ் ஜொனாதன் பார்ட்டல்ஸ் ஒரு பழக்கம் கொண்டுவந்தார், 'தி பாஸ்'னு பேர். உயிர் போனதும் டீம் மொத்தமும் ஒரு நிமிஷத்துக்குள்ளாக அமைதியாக நிற்பது. எங்க இன்சார்ஜ் சிஸ்டர் இதை ஒரு வகுப்பில் கேட்டுட்டு வந்தாங்க, அதனால வகுப்பே வீண்னு நான் சொல்லமாட்டேன். அவங்க சேர்த்தது இன்னொண்ணு: இறப்புக்குப் பிறகு அந்த நர்ஸோட பெட்டை அவங்களே கால் மணி நேரம் பார்ப்பாங்க. புதுசா ஒரு ஆள் கூட எடுக்கல.

அரைத்தூக்க டாக்டர்:
இன்சார்ஜ் லீவில் இருக்கும் அன்று?

மூணாம்_வார்டு:
அன்னிக்கு இல்ல. ஒத்துக்கிறேன்.

இரவுப்பணி:
நாளைக்கு மேட்ரனைப் பாக்கப்போறேன். ரெண்டே கேள்வி. நைட் முடிச்சவங்களுக்கு வகுப்பு வேற நாள்ல வைக்க முடியுமா? சாவுக்கப்புறம் பத்து நிமிஷம் கிடைக்குமா?

அட்மின்_ஆள்:
வாயால் கேட்காதீர்கள் சிஸ்டர். எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் என்று மொட்டையாக எழுதினால் ஓய்வு கேட்பதாக நினைத்துத் தள்ளிவிடுவார்கள். 'பெட் பொறுப்பு மாற்றம்' என்று எழுதுங்கள்.