நேற்றுப் பார்த்த சர்சுவேலா (எங்கள் குடும்பக் குழுவிலிருந்து)

நான்: நேற்று ராத்திரி 'லா வெர்பேனா தெ லா பலோமா' பார்த்தேன். ஸ்பெயின் தலைநகர் மத்ரித்தில் சர்சுவேலாவுக்கென்றே 1856இல் திறந்த தியேட்டர் இருக்கிறது, அங்கேதான். பாட்டு இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

அத்தை: சர்சுவேலா என்றால் ஆப்பராவா?

நான்: இல்லை அத்தை. இதில் பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும், நடுவில் ஆட்டமும் உண்டு. இது ஒரே அங்கம், சுமார் ஒரு மணி நேரம். அந்தக் காலத்தில் மணிக்கணக்கில் டிக்கெட் விற்று, ஒரே நாளில் நான்கு நாடகம் போடுவார்களாம். விலை குறைவு. கையில் காசு அதிகம் இல்லாதவர்களும் வந்து பார்க்க முடிந்தது.

பெரியப்பா: எந்த வருஷம்?

நான்: 1894 பிப்ரவரி 17, அப்போலோ தியேட்டரில் முதல் மேடையேற்றம். இசை தோமாஸ் ப்ரெதோன், எழுதியவர் ரிகார்தோ தெ லா வேகா.

அம்மா: அதெல்லாம் சரி, கதையைச் சொல்.

நான்: ஆகஸ்ட் மாதம், பலோமா மாதா திருவிழா ராத்திரி. ஒரே புழுக்கம். தோன் இலாரியோன் என்று வயதான மருந்துக்கடைக்காரர், கடை வாசலில் நண்பரோடு உட்கார்ந்து விளக்கெண்ணெய் பற்றிப் பாடுகிறார்! இப்போது மாத்திரையாகவே வந்துவிட்டதாம், குடிக்கக் கஷ்டமில்லை, பலன் மட்டும் அதேதானாம்.

சித்தி: இதைப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். சிரிப்பை நிறுத்தவே இல்லை.

நான்: அவருக்குக் காஸ்தா, சுசானா என்ற அக்கா தங்கை இரண்டு பேர்மேலும் ஆசை. ஒருத்திக்குக் கறுத்த முடி, ஒருத்திக்குப் பொன் முடி. சுசானாவை உயிராக நினைப்பவன் ஹுலியான், அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன்.

பெரியப்பா: கம்பாசிட்டரா! உன் தாத்தா வீட்டுக்கு வந்ததும் முதலில் விரலில் இருக்கும் மையைத்தான் தேய்த்துக் கழுவுவார்.

நான்: எனக்கும் தாத்தா நினைவுதான் வந்தது பெரியப்பா. சிரித்ததெல்லாம் இலாரியோனைப் பார்த்து, ஆனால் மனம் ஹுலியானிடமே நின்றுவிட்டது. சாதாரண ஜனங்களுக்கும் நெஞ்சு என்று ஒன்று உண்டு, கண்ணீர் உண்டு, அடக்க முடியாத பொறாமை உண்டு என்று பாடுகிறான். அங்கே அழுதுவிட்டேன். 1894இல் ஒரு கம்பாசிட்டரை நாயகனாக நிறுத்தி இதைப் பாட வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் சுசானா மணிலா சால்வை போர்த்திக்கொண்டு வருகிறாள். எங்கே இவ்வளவு அலங்காரம் என்கிறான். நாலு பேர் பார்க்கட்டும் என்று, திருவிழா பார்த்துவிட்டுப் போய்ப் படுக்கப்போகிறேன் என்கிறாள். கெஞ்சினேனே, என்னோடு ஏன் வரவில்லை என்று அவன் கேட்கிறான். நீ என்னைப் படுத்திய பாட்டுக்கு மருந்துக்கடையில்தான் செலவழிக்க வேண்டும் என்கிறாள்! பக்கத்து இருக்கைப் பெரியவர்கள் எல்லோரும் மெல்ல முணுமுணுத்துக் கூடவே பாடினார்கள்.

அக்கா: மணிலா சால்வையா? பட்டா?

நான்: பட்டுதான் அக்கா, ஓரமெல்லாம் குஞ்சம். சீனாவில் பூவேலை செய்து, மணிலா துறைமுகம் வழியாக ஸ்பெயினுக்கு வந்ததால் அந்தப் பெயர்.

சித்தி: பாட்டி கேட்கிறார்கள், அந்தக் கிழவருக்கு என்ன ஆயிற்று?

நான்: ஹுலியான் வந்து நின்றதும் கிழவரோடு பெரிய சண்டை, பிறகு போலீஸ். ஆனால் மாட்டிக்கொள்வது அந்தப் பெண்களின் அத்தை அந்தோனியா, வாய் ஓயாமல் வைகிறவள். ஹுலியானும் சுசானாவும் சேர்ந்துவிடுகிறார்கள். திருவிழா நடக்கிறது.

பெரியப்பா: கம்பாசிட்டர் பாடுகிற பாட்டு கிடைத்தால் அனுப்பும்மா. காலையில் கேட்கிறேன்.