சங்கத் தேர்தல் தகராறு: தடை உத்தரவு கேட்டுப் போனவர்கள் சொல்லுங்கள்

குடியிருப்போர் சங்க உறுப்பினர்:
எங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவானது. தேர்தலுக்கு ஒட்டிய வாக்காளர் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் சந்தாவே கட்டாதவர்கள் பெயர்கள், அதுவும் வேறு மையில். மனுவோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். பிரிவு 36-இல் விசாரணை கேட்கலாம், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்து வேண்டும், ஆனால் தேர்தலை நிறுத்திவைக்கச் சொல்ல சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும் என்றார்கள்.

சரி என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 39, விதி 1, 2-இன் கீழ் இடைக்காலத் தடை கேட்டோம். எதிர்த்தரப்பு முந்திக்கொண்டு கேவியட் (தங்களுக்குத் தெரிவிக்காமல் உத்தரவு போடக்கூடாது என்ற முன்னெச்சரிக்கை மனு) போட்டிருந்தது. அவர்களைக் கேட்காமல் உத்தரவு வாங்கும் வழி அடைபட்டுவிட்டது.

நீதிபதி தடை தரவில்லை. தேர்தல் நடக்கட்டும், வழக்கறிஞர் ஆணையர் (கோர்ட் நியமிக்கும் வக்கீல்) மேற்பார்க்கட்டும், தகராறுள்ள பெயர்களின் வாக்குச்சீட்டைத் தனி உறையில் போட்டு அரக்கு வையுங்கள், முடிவை அறிவிக்காதீர்கள் என்று உத்தரவு. எங்கள் ஆட்களுக்கு முகம் தொங்கிவிட்டது. வக்கீல் கேட்டார்: "முழுத் தடை கிடைச்சா யாருக்கு லாபம்? நாற்காலியில இருக்கிற பழைய கமிட்டிக்குத்தானே?" நியாயமான கேள்வி. தடை கேட்பவர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை.

கூட்டுறவுச் சங்க உறுப்பினர்:
இதை அப்படியே கூட்டுறவுச் சங்கத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அங்கே தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983. தேர்தல் தகராறு பிரிவு 90-இன் கீழ் கூட்டுறவுச் சங்கப் பதிவாளரிடம் போகும், அதுவும் முடிவு அறிவித்த பிறகுதான். சிவில் கோர்ட் இதை விசாரிக்கப் பிரிவு 156 தடை போடுகிறது. நாங்கள் வேட்புமனு தள்ளுபடியான கையோடு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அதிகாரிகளின் நடவடிக்கையை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு) போட்டோம். தொடங்கிய தேர்தலை நடுவில் நிறுத்த மாட்டோம், முடிந்ததும் தகராறு எழுப்புங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். 1952-இல் நாமக்கல் தொகுதி பொன்னுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது சட்டமன்றத் தேர்தலைப் பற்றித்தான், ஆனாலும் சங்கத் தேர்தல் வழக்குகளிலும் அதே போக்குதான்.

இன்னொருவர்:
ஆணையர் கட்டணத்தை யார் கட்டினது?

குடியிருப்போர் சங்க உறுப்பினர்:
வேற யாரு, மனுப் போட்ட நாங்கதான். சங்கக் கணக்கிலிருந்து திருப்பித் தரச் சொல்லித் தனி மனு போட்டிருக்கிறோம். அப்புறம் ரெண்டு தடவை வாய்தா போயாச்சு.