நத்தார் காலைக்கு மரம் மாதிரி பான்கேக்: பச்சை ஏன் பழுப்பாகுது?

கொட்டகலை அடுப்பு:
நத்தாருக்கு ஒன்பது பேருக்குக் காலைச் சாப்பாடு. சின்னதா பெருசா அடுக்கி கிறிஸ்மஸ் மரம் மாதிரி பச்சைப் பான்கேக், அதோட முகம் வரைஞ்ச பனி மனிதன், ரெண்டும் வேணும். ஓவன் இல்ல, கேஸ் அடுப்பும் ரொட்டிக்கல்லும்தான். கோதுமை மா 2 கப், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, முட்டை 2, தேசிக்காய்ப் புளி விட்ட பால் ஒன்றரைக் கப், சீனி கால் கப், உருக்கின பட்டர் 3 மேசைக்கரண்டி. பசளிக்கீரை அரைச்சுப் போட்டா பச்சை பழுப்பாகுது. கோடு வரைஞ்சா மாவோட கலந்து பரவுது. கல்லுல உப்புது, தட்டுக்கு வந்ததும் சப்பையாகுது. எங்க மாத்தணும்?

நானுஓயா:
சப்பையாகுறது பேக்கிங் பவுடர் கூடினதால. அந்த அளவு கடல் மட்டத்துக்கு எழுதினது. நீங்க இருக்கிற கொட்டகலை மலைநாடு, 1,200 மீற்றருக்கு மேல. மேல போகப் போகக் காற்றழுத்தம் குறையும், மாவுக்குள்ள வாயு கூடுதலா விரியும். மா வெந்து இறுகுறதுக்கு முன்னாடியே குமிழ் உடைஞ்சிடும், அப்புறம் அமுங்கத்தானே செய்யும். ரெண்டே கால் தேக்கரண்டி போடுங்க. நுவரெலியா டவுன் 1,868 மீற்றர், அங்க தண்ணி 94 பாகையிலேயே கொதிக்கும், அங்க உள்ளவங்க 2 தேக்கரண்டியோட நிறுத்தலாம். ஈரமும் சீக்கிரம் போகும், அதனால பால் ரெண்டு மேசைக்கரண்டி கூட. கரைக்கும்போது கட்டி கொஞ்சம் இருந்தா விட்டுடுங்க. அடிச்சு அடிச்சு வழவழப்பாக்கினா ரப்பர் மாதிரி இழுக்கும்.

வெலிமடைப் பசளி:
பச்சைக்கும் புளிப்புக்கும் ஆகாது, அக்கா. கீரையில உள்ள பச்சைப் பொருள் புளிப்புப் பட்டு சூடானா ஒலிவ் பழுப்பாகிடும். பச்சை மாவுக்கு மட்டும் தேசிக்காய் விடாத பால் எடுங்க, அரிசி அளவு அப்பச்சோடா சேருங்க. கூடினா சவர்க்காரம் மணக்கும். பசளி இலை 50 கிராம், கொதிக்கிற தண்ணியில ஒரு நிமிசம், உடனே குளிர்ந்த தண்ணியில போட்டு, நல்லாப் பிழிஞ்சு, அளந்து வச்ச பாலில கொஞ்சம் எடுத்து அரைங்க. பிழியாட்டி மா நீர்த்துப் போகும். றம்பை இலை மணத்துக்குத்தான், நிறத்துக்கு நம்பாதீங்க.

ரெண்டாவது எதிரி சீனி. சீனியும் பாலும் சூட்டுல சிவக்கும், பால்மாவைக் கெட்டியாக் கரைச்சா இன்னும் சீக்கிரம். பச்சை மாவில சீனியே வேணாம், பாலில பாதி தண்ணியா இருக்கட்டும். இனிப்புக்குக் கித்துள் பாணி இருக்கே. கல்லுல ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சுப் பாருங்க. உருண்டு துள்ளி ஓடினா சூடு கூட, மெதுவாச் சத்தம் போட்டு அடங்கினா சரி. எண்ணெய் துணியால துடைச்ச அளவுக்குத்தான். எண்ணெய் தேங்கினா மேல புள்ளி புள்ளியாச் சிவக்கும். ஊத்தினதும் மூடி போட்டு ஒரு நிமிசம் விட்டா மேல்பக்கம் ஆவியிலேயே இறுகிடும். அப்புறம் திருப்பி இருபது செக்கன் போதும்.

மரத்துக்கு 5, 4, 3, 2, 1, அரை மேசைக்கரண்டின்னு ஆறு பான்கேக். உங்க மா ஏறக்குறைய மூணு மரத்துக்கு வரும். பனி மனிதனுக்குத் தனியாக் கரைக்கணும். நல்லா ஆறின பிறகு அடுக்கி நடுவுல மூங்கில் குச்சி குத்துங்க, சூட்டுல அடுக்கினா ஆவி பிடிச்சு வழுக்கும். பரிமாறும்போது குச்சியை உருவ மறக்காதீங்க, சின்னப் பிள்ளைகள் சாப்பிடுறது.

பனி மனிதன்: மஞ்சள் கரு சேர்க்காம வெள்ளைக் கரு மட்டும் போட்டாத்தான் வெள்ளையா வரும். கோட்டுக்கு அந்த மாவிலயே 4 மேசைக்கரண்டி, கொக்கோ 1 தேக்கரண்டி சலிச்சது, பால் 1 தேக்கரண்டி. சோஸ் போத்தல்ல ஊத்துங்க, மூக்கு ஓட்டை 2 மில்லிமீற்றர். முதல்ல போடுறதுதான் முகத்துல தெரியும், அதனால கண், வாய், பொத்தான் எல்லாத்தையும் வெறும் கல்லுல வரைங்க. கோட்டோட மினுமினுப்பு அடங்கி மங்கினதும் (அரை நிமிசம் பிடிக்கும்) சுத்தியும் மேலயும் வெள்ளை மாவை மெதுவா ஊத்துங்க. உங்களுக்குப் பரவுறது இந்த இடைவெளி விடாததால. பேர் எழுதுறதா இருந்தா கண்ணாடியில தெரியிற மாதிரித் திருப்பி எழுதணும்.

சிவப்புக்கு பீட்ரூட் யோசிக்காதீங்க. அது சூட்டுல மங்கும், சோடா பட்டா அசிங்கமாகும். ஸ்ட்ரோபெரியைக் கழுவித் துணியில ஒத்தி வெட்டி வச்சாலே அழகு.

பண்டாரவளை ரொட்டிக்கல்:
எனக்கு இந்தப் பச்சை மரம் பிடிக்கல்ல, அது பிள்ளைகள் படம் பிடிக்கத்தான். பெரியவங்களுக்கு நம்ம தேங்காய்ப் பாணி பான்கேக் செய்யுங்க. மா 1 கப், முட்டை 1, பால் ஒன்றரைக் கப், உப்பு, மஞ்சள் கண்ணுக்குத் தெரியாத அளவு, பேக்கிங் பவுடர் வேண்டாம். மெல்லிசா ஊத்தி ஒரு பக்கம்தான் சுடணும். உள்ளுக்கு ஒரு தேங்காய் துருவி, பாணி அரைக் கப், ஏலம், உப்புக் கொஞ்சம், ஈரம் வத்தும் வரை கிண்டுங்க. ஈரம் இருந்தா இரவுக்குள்ள தோல் கிழிஞ்சு வழியும். சூடு இருக்கும்போதே சுருட்டணும். மெழுகுதிரி மாதிரிச் சாய்ச்சு அடுக்கி, ஒவ்வொரு நுனியிலயும் பப்பாசிப் பழத்தைச் சுடர் மாதிரி வெட்டி வையுங்க. முதல் நாளே செஞ்சு வைக்கலாம்கிறது பெரிய வசதி.

கொட்டகலை அடுப்பு:
நன்றி எல்லாருக்கும். பச்சை மாவை இரவே கரைச்சு வைக்கலாமா? மேல பனி மாதிரி ஐசிங் சீனி தூவினா கரைஞ்சு போகுது, அதுக்கு என்ன வழி?

வெலிமடைப் பசளி:
முழுசாக் கரைச்சு வைக்காதீங்க, ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வேலையை ஆரம்பிச்சிடும். உலர்ந்தது ஒரு டப்பாவில, அரைச்ச கீரை ஃபிரிட்ஜ்ல. காலையில பாலையும் முட்டையையும் வெதுவெதுப்பாக்கிட்டு உருக்கின பட்டரை ஊத்துங்க. டிசம்பர்க் குளிருல சில்லுன்னு இருக்கிற பாலில ஊத்தினா அப்படியே கட்டி கட்டியா உறைஞ்சிடும். பாணிப் போத்தலையும் சுடுதண்ணியில நிக்க வச்சாத்தான் ஒழுங்கா ஊத்தும்.

ஐசிங் சீனி 2 மேசைக்கரண்டிக்கு சோள மா 1 தேக்கரண்டி கலந்து, தட்டு மேசைக்குப் போற நேரம் தேயிலை வடியால தட்டித் தூவுங்க. பாணியைத் தனிக் கிண்ணத்துல வையுங்க. மேல ஊத்தினா பனியும் போச்சு, முகமும் போச்சு.