கலவைமானி: டர்போ காரில் பொருத்தும் கருவிக்குத் தமிழ்ப்பெயர்

வணக்கம்.

டர்போ பெட்ரோல் கார்களில் காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் மானியைப் பொருத்துவது பற்றிய கையேடு ஒன்று தமிழில் தயாராகிறது. நான்கு இடங்களில் சொல் தட்டுகிறது: மானியின் பெயர்; புகையைப் பார்க்கும் வைடுபேண்டு, நேரோபேண்டு சென்சார்கள்; ரிச் (பெட்ரோல் கூடிய கலவை), லீன் (பெட்ரோல் குறைந்த கலவை); சைலன்சர் குழாயில் வெல்டு செய்து சென்சாரை முடுக்கும் வளையம். வரைவில் 'காற்று-எரிபொருள் விகிதமானி', 'அகலப்பட்டை உணரி', 'குறும்பட்டை உணரி', 'தாழ் விகிதம்', 'உயர் விகிதம்' என்று போட்டிருக்கிறது. வளையத்துக்கு இன்னும் பெயர் இல்லை. பட்டறையில் வேலை செய்பவர்கள் கையில் வைத்துப் படிக்கப்போகும் நூல் இது. உங்கள் கருத்துகள் தேவை.

* * *

> 'தாழ் விகிதம்', 'உயர் விகிதம்'

ஐயா, இந்த இரண்டையும் முதலில் எடுத்துவிடுங்கள். மற்றவை கொஞ்சம் பொருந்தாமல் இருந்தாலும் சமாளிக்கலாம்; இவை எஞ்சினையே பாழாக்கும்.

14.7 என்றால் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. பெட்ரோல் கூடினால் எண் இறங்கும், குறைந்தால் ஏறும். முழு பூஸ்டில் (டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் நிலையில்) ஓடும் எஞ்சினுக்குப் பொதுவாக 11 முதல் 12 வரை வைப்பார்கள். அங்கே 13.5 தெரிந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்: எரிஅறையில் வெப்பம் ஏறும், நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வரும், பிஸ்டனின் விளிம்பு போகும். கையேட்டில் 'விகிதம் உயர்ந்துவிட்டது' என்று இருந்தால் படிப்பவர் 'பெட்ரோல் கூடிவிட்டது' என்று எடுத்துக்கொண்டு மேலும் குறைப்பார். உயர்வு, தாழ்வு, கூடுதல், குறைவு ஆகிய எதையும் விகிதத்தோடு ஒட்டவே கூடாது.

ரிச்சுக்குச் செறிவு, லீனுக்கு மெலிவு என்று வையுங்கள். செறிந்த கலவை, மெலிந்த கலவை. வேதியியல் பாடத்தில் கரைசலின் செறிவு எல்லோரும் படித்ததுதான். 'பூஸ்ட் ஏறும்போது கலவை மெலிகிறது' என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.

> 'காற்று-எரிபொருள் விகிதமானி'

நீளம் ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, இந்தக் கருவி விகிதத்தை அளப்பதே இல்லை. உணரி தருவது லாம்டா: முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு காற்று இருந்தது என்ற எண். அதை மானி 14.7 ஆல் பெருக்கித் திரையில் போடுகிறது. லாம்டா 0.78 என்றால் 11.5 தெரியும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சமன் விகிதம் (முழுதாக எரியத் தேவையான விகிதம்) ஏறக்குறைய 14.1 தான், ஆனாலும் லாம்டா 1 இல் மானி 14.7 என்றே காட்டும். பெயரில் 'விகிதம்' இருந்தால் அந்த எண்ணை அப்படியே நம்பச் சொல்வதாகிறது. என் பரிந்துரை 'கலவைமானி'. அழுத்தமானி, வெப்பமானி வரிசையில் இயல்பாக உட்காரும். லாம்டாவை லாம்டாவாகவே விட்டுவிடலாம்.

> 'அகலப்பட்டை', 'குறும்பட்டை'

பட்டை என்றதும் இணைய இணைப்பும் அலைவரிசையும் நினைவுக்கு வருகின்றன. இங்கே அலைவரிசை எதுவும் இல்லை. நேரோபேண்டு தரும் மின்னழுத்தம் லாம்டா 1 ஐச் சுற்றிச் சட்டென்று தாவும். செறிவுப் பக்கம் சுமார் 0.9 வோல்ட், மெலிவுப் பக்கம் சுமார் 0.1 வோல்ட், நடுவில் 0.45. எந்தப் பக்கம் என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அதனால் 'இருநிலை உணரி'. (ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்த பெயரிலும் தாவல்தான் இருக்கிறது.) முழு பூஸ்டில் 11 ஆ, 12.5 ஆ என்று பார்க்க இது உதவாது. பெயரிலேயே அது தெரிந்தால், பழைய சென்சாரிலிருந்து ஒரு வயரை இழுத்து மானிக்குக் கொடுக்கும் வழக்கம் குறையும். எவ்வளவு என்றும் சொல்லும் வைடுபேண்டு 'விரிவீச்சு உணரி'.

வளையத்துக்கு 'மரைவளையம்' போதும்.

* * *

செறிவு, மெலிவு, இருநிலை, விரிவீச்சு எல்லாம் சரி. 'கலவைமானி'யில் மட்டும் உடன்பட முடியவில்லை.

உள்ளே போகும் கலவையை இந்தக் கருவி பார்ப்பதே கிடையாது. வெளியே வரும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. ஒரு சிலிண்டரில் பொறி விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எரியாத பெட்ரோலும் எரியாத ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியே வரும். மானி 'மெலிவு' என்று காட்டும். பெட்ரோலைக் கூட்டினால் ஸ்பார்க் பிளக் நனைந்து நிலைமை மோசமாகும். உணரிக்கு முன்னால் குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும் இதே கதை: வெளிக்காற்று உள்ளே இழுபட்டுப் பொய்யான மெலிவு தெரியும், குறிப்பாக ஐடிலில். 'கலவைமானி' என்ற பெயர் இதையெல்லாம் மூடி மறைக்கிறது. 'எச்ச ஆக்சிஜன்மானி' என்பதே நேர்மையான பெயர்.

* * *

> 'எச்ச ஆக்சிஜன்மானி' என்பதே நேர்மையான பெயர்

நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் உண்மை. கையேட்டில் தடித்த எழுத்தில் வர வேண்டியவை. ஆனால் அந்தப் பெயரும் முழு உண்மை ஆகாது. செறிவுப் பக்கம் மிச்ச ஆக்சிஜன் கிட்டத்தட்ட இருக்காது. அங்கே எரியாத வாயுக்களை எரிக்க எவ்வளவு ஆக்சிஜனை உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது என்பதையே உணரி மின்னோட்டமாகத் தருகிறது. டர்போ காரில் நாம் பார்க்கும் இடமே அந்தப் பக்கம்தான்.

வேகமானி எண்ணுவது சக்கரச் சுழற்சியை; காட்டுவது வேகத்தை. டயர் அளவு மாறினால் தவறாகக் காட்டும், அதற்காகப் பெயரை மாற்றுவதில்லை. அளக்கும் பொருள் உணரியின் பெயரில் வரட்டும்: 'விரிவீச்சு ஆக்சிஜன் உணரி'. காட்டும் பொருள் மானியின் பெயரில் வரட்டும்: 'கலவைமானி'. இரண்டையும் பிரித்து வைத்தால் 'உணரி போய்விட்டதா, மானி போய்விட்டதா' என்று தேடும்போதும் வசதி.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க, பொருத்தும் பகுதியை அவற்றிலேயே எழுதிப் பார்த்தேன்:

"மரைவளையம் 18 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரியிடையும் கொண்டது. டர்போவின் வெளிவாயிலிலிருந்து 60 முதல் 90 செ.மீ. தள்ளி, வினையூக்கி மாற்றிக்கு முன்னால் வெல்டு செய்க. டர்போவுக்கு முன்னால் வேண்டாம். அங்கே வெப்பம் உணரியைக் கொல்லும்; புகையின் அழுத்தமோ செறிந்த கலவையை இன்னும் செறிந்ததாகக் காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்தால் உண்மையில் மெலிவு. உணரி கிடைமட்டத்துக்கு மேலே குறைந்தது 10 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். குழாயின் அடிப்பக்கம் பொருத்தினால், குளிர்ந்த எஞ்சினில் தேங்கும் நீர் சூடான பீங்கானில் பட்டு அது விரிசல் விடும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுக. வளையத்தில் உணரிக்குப் பதிலாக அடைப்புத் திருகைப் போட்டு வெல்டு செய்தால் மரை கோணாது. உணரியைக் கையால் திருகத் தொடங்கி, 40 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரை முடுக்குக. மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை மரையில் மட்டும். முனையில் படக் கூடாது. அருகில் சிலிகோன் பசை பயன்படுத்த வேண்டாம், அதன் ஆவி உணரியைக் கெடுக்கும்.

மின்சாரத்தை இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட் இணைப்பிலிருந்து, மானியோடு வந்த தாளில் சொன்ன அளவு ஃப்யூஸ் வழியாக எடுக்கவும். மானியின் வெளியீட்டை இசியுவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு) கொடுப்பதானால் இரண்டின் எர்த்தும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். 0 முதல் 5 வோல்ட்டுக்குள் 7.35 முதல் 22.39 வரை அனுப்பும் மானியில், எர்த்தில் 0.1 வோல்ட் வேறுபாடு வந்தாலே எண் 0.3 பிசகும்: மானியில் 11.5, இசியுவில் 11.8. உணரியின் வயரை வெட்டி நீட்ட வேண்டாம். அளவுதிருத்த மின்தடை அதன் கனெக்டருக்குள்ளேயே இருக்கிறது. காரோடு வந்த இருநிலை உணரியைக் கழற்றக் கூடாது, சாதாரண ஓட்டத்தில் இசியு அதை வைத்தே பெட்ரோலைத் திருத்துகிறது."

ஒரு சேர்க்கை. மானியைக் கழற்றி வைத்துவிட்டு விரிவீச்சு உணரியைக் குழாயிலேயே விட்டுவிடுவார்கள். உள்ளிருக்கும் சூடேற்றி இயங்காத உணரியில் கரி படிந்து சில நாளிலேயே போய்விடும். மானி இல்லையென்றால் உணரியையும் கழற்றி, மரைவளையத்தை அடைப்புத் திருகால் மூட வேண்டும் என்று அந்தப் பகுதியிலேயே எழுதிவிடுங்கள்.

* * *

இப்படிப் பிரித்தால் எனக்கும் சம்மதம். பொறி விழாத சிலிண்டர், குழாய் ஓட்டை இரண்டையும் கலவைமானி என்ற சொல் முதலில் வரும் பக்கத்திலேயே எச்சரிக்கையாகப் போட வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டதும் பெட்ரோல் நின்று மானி மெலிவின் கடைசி எல்லைக்குப் போவது கோளாறு இல்லை என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். புதிதாகப் பொருத்தியவர்கள் முதலில் பயப்படுவது அதைப் பார்த்துத்தான்.