பென்சிலைத் தீட்டக்கூடாதா?

ஈசூன் அம்மா:
மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். கட்டுரையில் 'பென்சிலைத் தீட்டினேன்' என்று எழுதியிருந்தான். ஆசிரியர் வட்டம் போட்டு 'சீவினேன்' என்று திருத்தியிருக்கிறார். "கத்தியைத் தீட்டலாம், புத்தியைத் தீட்டலாம், பென்சில் மட்டும் என்ன பாவம் செய்தது?" என்று கேட்கிறான். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தானே. 'அப்படித்தான் சொல்லுவோம், போ' என்று வாயை அடைத்துவிட்டேன். உண்மையில் எனக்கே தெரியவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

தேக்கா பழசு:
ஆசிரியர் திருத்தியது சரிதான்மா. நான் தேக்கா சந்தையில் 22 வருடம் ஆட்டிறைச்சிக் கடையில் நின்றவன், இலக்கணம் படித்தவனில்லை. கை செய்வதை வைத்துச் சொல்கிறேன்.

சீவினால் மேலிருந்து ஒரு படலம் உரிந்து வரவேண்டும். இளநீர் சீவுகிறோம். பென்சிலிலும் மரம் சுருள் சுருளாகத்தானே வருகிறது? தீட்டுவது தேய்ப்பு. கண்ணுக்கு மை தீட்டுகிறோம், தவிடு போக அரிசியைத் தீட்டுகிறோம், வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறோம். புத்தி அந்த வரிசையில் ஒட்டிக்கொண்டது. ஒட்டுக்கேட்கிறவன் காதைத் தீட்டிக்கொள்கிறான்.

சாணை பிடிப்பது வேறு. அதற்குச் சுழலும் கல் வேண்டும். பொறி பறக்கும், பார்க்க அழகு. ஆனால் சூடேறினால் எஃகின் பதம் போய்விடும், அதனால் என் கத்தியை யாரிடமும் சாணைக்குக் கொடுத்ததில்லை. நானே கையால் தீட்டுவேன்: 1000 எண் தீட்டுகல், கொஞ்சம் தண்ணீர், கத்திக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வு. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் பிசிறு எழும்பி விரலில் தட்டும். அது தட்டாமல் கத்தியைத் திருப்பினால் பாடுபட்டது வீண். கல் இல்லையா? பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சொரசொரப்பான வளையத்தில் தேயுங்கள். பக்கத்துக் கடைச் சீன அங்கிள் காட்டிக்கொடுத்தது.

பாசிர் ரிஸ் வாசகன்:
ஐயா சொன்னதோடு அரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறள் 997: 'அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர் மக்கட்பண்பு இல்லா தவர்.' கூர்மையான அறிவுக்கு வாளையோ வேலையோ சொல்லாமல், அவற்றைக் கூராக்கும் அரத்தைச் சொல்கிறார் பாருங்கள்.

தேக்கா பழசு:
மரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஊரில் அரிவாள் தீட்ட ஒரு கட்டை வைத்திருப்பார்கள், தீட்டுமரம். 'தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பதா' என்று பெரியவர்கள் திட்டுவார்கள். எனக்கு அர்த்தம் புரிந்தது தேக்காவில்தான். எலும்பு நீக்குவதிலிருந்து எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பையன், எதிர் வரிசையிலேயே கடை போட்டு, என் வாடிக்கையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நல்ல வெட்டுக்காரன், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஈசூன் அம்மா:
நன்றிங்க ஐயா. மகனிடம் படித்துக் காட்டினேன். ஓவிய வகுப்பில் பென்சில் முனையை மணல்தாளில் தேய்த்துத்தான் கூராக்குவானாம். "அப்படியென்றால் நான் தீட்டினேன்தானே?" என்கிறான்.

தேக்கா பழசு:
மாட்டிக்கொண்டேன். கட்டுரையில் மணல்தாள் வந்ததா என்று முதலில் கேளுங்கள்.

ஈசூன் அம்மா:
வரவில்லையாம். இப்போது ரப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.